மரத்துப்போகாத வயிறு

கொசு கடித்தாலும் மாத்திரை தேடும் காலமாகிவிட்டதே என்று பெரியவர் முணுமுணுத்தார்.

"குடலிறக்கத்துக்குச் சின்ன ஓட்டைதான் போடுவோம். மயக்க மருந்தோட நரம்புக்கு ஒரு ஊசியும் போட்டா, முடிஞ்ச பிறகும் நாளைவரைக்கும் வலியே தெரியாது," என்றார் மயக்க மருத்துவர். "சாயந்திரமே வீட்டுக்குப் போகலாம். ஆனா பாரம் தூக்கினா மறுபடி பிதுங்கிடும்."

"அந்த ஊசி வேண்டாம்."

"இவருக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது டாக்டர்!" மகள் பொரிந்தாள்.

"என்மேலதான் இல்ல. கட்டில்ல கிடந்துகிட்டு, தூக்கச் சொல்லி உங்கம்மா கையை நீட்டுவா. வலிச்சாத்தான் 'முடியாதுடி'ன்னு வாய் வரும். வலிக்கலைன்னா தூக்கிடுவேன்."

"நான் தூக்கறேம்ப்பா."

"உன்னையே யாருன்னு கேக்கறவ, உன் கைக்கு வருவாளா?"



"ஆள் வெச்சுக்கலாமே," என்றார் மருத்துவர்.

"வெச்சுக்கலாம், வெச்சுக்கலாம்," என்று பெரியவர் நம்பாமலேயே சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி அறுவை அறைக்கு நடந்தார்.