மூக்கடைப்போடு சோதித்த ஆறு

மார்ச் 12. நேற்று சளியோடு முகர்ந்துவிட்டு, ‘வாடை இல்லை’ என்று பதிவேட்டில் எழுதியது என் தவறு.

தான் படிக்கும் மாலை வகுப்புக்காகத் தினமும் எழுதும் நாட்குறிப்பு நோட்டில் இதை எழுதிவிட்டு, ஆற்றுநீரைச் சோதிப்பவள் இன்றைய குடுவையை மூக்கருகே கொண்டுபோகிறாள். இன்றும் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, ஊரே குடிக்கும் ஆறு வெயிலில் அகன்று கிடக்கிறது. பம்பு ஓட்டுபவர் சுவிட்சில் கை வைத்திருக்கிறார். “என்னம்மா, போடலாமா?” “அண்ணே, மூக்கு அடைச்சிருக்கு. நேத்தும்தான். நீங்க மோந்து பாருங்க.” “நேத்து ஊரே குடிச்சாச்சே, தாயே!” அவர் குடுவையை வாங்கி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுக்கிறார். “வெறும் மண் வாடைதான்.” சுவிட்சைப் போடுகிறார். தரை அதிர்கிறது. “நேத்துத் தண்ணி இந்நேரம் கடலுக்கே போயிருக்கும், விடும்மா.” ஊர்க் குழாய்களுக்குள் போனது கடலுக்குப் போகவில்லையே என்று அவள் நினைக்கிறாள். நோட்டைத் திறக்கிறாள்.

நாளை: காலை எட்டு மணிக்கு மேலதிகாரியிடம் நேற்றைய பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.