மாவில் கலந்த பொடி

"டேய், கையை வெளியே எடு! மாவு டிரம்முக்குள்ள என்னடா கொட்டுற?"

ஆலை கேன்டீனின் தலைமைச் சமையல்காரர் ஸ்டோர் அறை வாசலில் கரண்டியோடு நின்றார். உள்ளே முழங்கை வரை மாவோடு விழித்தவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இந்த ஸ்டோர் கீப்பர் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவனே கழுத்தறுப்பான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மாமா..."

"ஒண்ணுமில்லையா? மூணு மாசமா, இந்த மாவைக் கரைச்சு ஊத்துற என் சூப்பு கொழகொழங்குது. ரொட்டி உப்பவே மாட்டேங்குது. தண்ணியைத் திட்டினேன், அடுப்பைத் திட்டினேன், மாவு வியாபாரியைத் திட்டினேன். கடைசியில திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான்!"

அவன் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கினார். வெள்ளைப் பொடி. அவருக்கு ரத்தம் கொதித்தது. இருபது வருஷம் அடுப்பில் வெந்து சம்பாதித்தது கைப்பக்குவம் என்கிற ஒரே பெயர்தான். அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டானே!

"நார்ச்சத்துப் பொடி மாமா. தண்ணியில கரையுற வகை. சாப்பிட்டதும் சர்க்கரை சட்டுனு ஏறாம பாத்துக்குமாம். டாக்டர்தான் எழுதிக் கொடுத்தாரு."

"அப்ப சர்க்கரைக்காரனுக்குத் தனியா கலந்து கொடு! முந்நூறு பேர் சாப்பாட்டை எதுக்குடா பாழாக்குற?"

"தனியா கொடுத்தா தொடமாட்டாரு. பத்தியச் சாப்பாடுன்னு தெரிஞ்சாலே தட்டு பறக்கும்."

"ஓஹோ... மேனேஜரா?"

மச்சான் டிரம்மின் மூடியை எடுத்து மூடப் போனான்.

"அதானே பார்த்தேன்! துரையால வாயைக் கட்ட முடியல, அதுக்கு ஆலையே பசை குடிக்கணுமா? எனக்குந்தான் நாலு வருஷமா சர்க்கரை. யார்கிட்டயாவது போய் நின்னேனா? வீட்ல உங்க அக்கா வைக்கிறதைத் தொடுறதில்ல. இங்கயும் தட்டு போட்டு உட்கார்றதில்ல. ருசி பார்க்கிறதோட சரி, பட்டினியா நின்னு சமைக்கிறேன்! சாப்பிடுறவங்களாவது சூப்பு ஏன் இப்படின்னு கேட்டாங்களா? அத்தனை பேரும் வாயில்லாப் பூச்சிங்க!"

கரண்டியை வீசி எறிந்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தார்.

"வாடா மேனேஜர்கிட்ட. இன்னிக்கு உன் வேலை போகணும், இல்ல நான் போகணும்."

இப்போது மச்சானுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கத்தாதீங்க மாமா! பட்டினியாம் பட்டினி! காலையில அஞ்சு மணியிலேர்ந்து ருசி பாக்குறேன், ருசி பாக்குறேன்னு கிண்ணம் கிண்ணமா உள்ள தள்றது யாரு? உங்க வயித்துக்குள்ள போற ஒரே சாப்பாடு அதுதான். கால் விரல் ஒண்ணை வெட்டி எடுத்தும் உங்களுக்கு உறைக்கல. நாங்க வேற என்னதான் செய்யுறது?"

சமையல்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மறுபடியும் சீறினார்.

"என் ஒருத்தனுக்காக ஊர் வாயைக் கெடுப்பீங்களா? அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?"

"அக்கா கேட்டா. நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, இந்தச் சாப்பாட்டுக் கூடத்துல மேஜை மேஜையா போய்க் கேட்டா. சூப்பு எப்படி இருந்தாலும் உங்க காதுல ஒரு வார்த்தை போடுறதில்லன்னு, முந்நூறு பேரும் அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காங்க."