ஊசிமுனைக் காயம்

"எந்தப் பட்டாசுக் கம்பெனி?" சிவகாசி ஆஸ்பத்திரி டாக்டர் அலுப்போடு கேட்டார்.

"பட்டாசு இல்ல சார். வாட்டர் சர்வீஸ். நேத்து வேன் கழுவுறப்ப பிரஷர் தண்ணி விரல்ல அடிச்சிருச்சு" என்றான் பாண்டிச்செல்வம்.

காயம் ஊசிமுனை அளவுதான். விரல் முழுக்கக் கறுத்திருந்தது.

"நேத்தே ஏன் வரல?"

"ஆயுத பூசைக்கு வண்டி வரிசையா நின்னுச்சு. தீக்காயமா என்ன, பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"தண்ணி உள்ளயே கிழிச்சுட்டுப் போயிருக்கு. விரலை எடுக்கணும்."

அவன் மனைவி அழகுமீனா மெதுவாகச் சொன்னாள்: "பட்டாசு வேணாம், தண்ணி வேலைக்குப் போங்கன்னு நாந்தான் சார் விரட்டுனேன்."

"அதுல என்னம்மா தப்பு?"

முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்துப் புருஷன் தோளில் வைத்தாள். பட்டாசு கொண்டுபோனது போக, அதில் இரண்டு விரல்கள்தான் மிச்சமிருந்தன.