ஏற்கெனவே உள்ளது

மருந்துப் பெட்டி மூன்றாவது முறையும் திறக்கவில்லை.

குழந்தையின் பதிவு எண்ணை அடித்தால்தான் அது திறக்கும். அடித்தால், திரையில் அதே வரி: 'இந்தக் குழந்தை இறந்துவிட்டது.'

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் இரட்டைக் குழந்தைகளில் இரண்டாவது மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தது. முதல் குழந்தை காலையில் போய்விட்டது.

"உங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணுக்கு மேல எண்ணத் தெரியாதா தம்பி?" என்றார் செவிலி. "ரெட்டைன்னா மூத்தது நம்பர்லயே ரெண்டுக்கும் மருந்து எடுத்துக்குவோம். இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டினோம். இப்ப மூத்தது இறந்துட்டதா பதிஞ்சாச்சே."

அதில் ஓடும் நிரலை எழுதியவன் நான்.

அவசரத்தில் பொத்தானை இருமுறை அழுத்தி, ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவு போடுகிறார்கள் என்று புகார் வந்தது. புதுப் பதிவை உருவாக்கும் நிரல் பகுதியான கன்ஸ்ட்ரக்டரை நான் பூட்டினேன். குழந்தைப் பதிவை இனி யாரும் நேரடியாக உருவாக்க முடியாது. ஒரே வாசலில் வந்து கேட்க வேண்டும். தாயின் எண்ணும் பிறந்த தேதியும் பொருந்தும் பதிவு ஏற்கெனவே இருந்தால், வாசல் அதையே எடுத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால்தான் புதிதாக ஒன்று பிறக்கும்.

எழுதி முடித்த அன்று, அதைத் திரும்பத் திரும்ப வாசித்து ரசித்தேன்.

மடிக்கணினியை ஊசித் தட்டின்மேல் வைத்துத் திறந்தேன். வாசலில் இன்னொரு கேள்வியைச் சேர்த்தேன்: எத்தனையாவது குழந்தை?

செவிலி மறுபடி பதிவுப் பொத்தானை அழுத்தினார். புதிய பதிவு. புதிய எண். பெட்டி திறந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதட்டில் நீலம் தெளிந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா இதுவும் போயிருக்கும்டா."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மடிக்கணினிக்குத் திரும்பினேன்.

இந்த நிரல் பதினோரு மருத்துவமனைகளில் ஓடுகிறது. மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலைத் திறந்து, இறந்த குழந்தையின் எண்ணில் மருந்து கேட்டவற்றை மட்டும் வடிகட்டினேன்.

மேலே அக்காவின் மூன்று வரிகள்.

அதற்குக் கீழே, போன வருடம், வேறொரு ஊர், வேறொரு தாய். முதல் நாள் பதினான்கு முறை கேட்டிருந்தார்கள். மறுநாள் ஆறு முறை.

அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.