புது டிஸ்க்குக்கும் ஒரு டிக்

ஸ்டுடியோ உதவியாள் செல்வத்தின் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை உருவி மேஜைமேல் வீசினார் வெள்ளியங்கிரி.

"கூடப் பொறந்த தம்பி மாதிரி வெச்சிருந்தனேடா! நான் எடுத்த போட்டோவையெல்லாம் காளப்பநாயக்கன்பட்டிக்காரனுக்கு வித்துப் போட்டியே!"

"அண்ணா, அதுல சினிமாப் பாட்டுதானுங்க இருக்குது. போட்டுப் பாருங்க."

"பேசாத. ஊடு போய்ச் சேரு!"

கோபம் வராமல் என்ன செய்யும்? மலைமேல் தன் செம்மேட்டு ஸ்டுடியோவில் அவர் மாய்ந்து மாய்ந்து செய்த கல்யாணப் படங்கள், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் புதிதாக முளைத்த ஸ்டுடியோவின் பேனரில் 'எங்கள் கைவண்ணம்' என்று தொங்கின. அதைப் பார்த்து மலைக்காரர்களே கீழே போய் ஆர்டர் கொடுத்தார்கள். இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பதாகச் சொல்லும் மாப்பிள்ளை முரளி, சில நாள் கழித்து விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தான்.

"திருட்டுப் பய ஒழிஞ்சான், விடுங்க மாமா. இந்தப் புது ஹார்ட் டிஸ்க் எப்ப வாங்கினீங்க?"

"அவன் போனப்புறம்தான் மாப்ள. நம்ம மலையில திருப்புலி நாட்டுப் பக்கம் நடந்த கல்யாணம் மொத்தமும் இதுலதான். நானே எடுத்தேன், நானே ஏத்தினேன். ஒரு ஈ காக்கா கிட்ட வரல."

"ஐயோ, இது பேக்கப்புல சேரலீங்களே! பழைய டிஸ்க்குக்கு மட்டும்தான் நான் செட் பண்ணியிருக்கேன். இடி இறங்கி டிஸ்க் போச்சுன்னா அத்தனையும் போச்சு."

கம்ப்யூட்டரில் பேக்கப் லிஸ்டைத் திறந்து புது டிஸ்க்குக்கும் ஒரு டிக் போட்டான். "இனி இதுவும் தானா நெட்டுல ஏறிக்கும். பாஸ்வேர்டு எங்கிட்டயே இருக்கட்டுங்க, உங்களுக்கெதுக்குச் சிரமம்?"

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மகன்கூட இப்படிப் பார்ப்பானா!

அடுத்த வாரம் திருப்புலி நாட்டுக் கல்யாணப் பெண்ணின் அப்பா போனில் கத்தினார். "ஏனுங்க, எம்புள்ள போட்டோவ யாரைக் கேட்டுக் கீழ பேனர்ல போட்டீங்க?"

வெள்ளியங்கிரி போனை வைத்த கையோடு நேரே செல்வத்துக்குத்தான் போன் போட்டார்.

"துரோகி! கடைப் பக்கமே வராம எப்படிடா எடுத்த?"

"நான் எடுக்கலீங்கண்ணா. நீங்க தொரத்துன பொறவு வேற வழியில்லாம, அந்த ஸ்டுடியோவுலயே வேலை கேக்கலாம்னு இப்பத்தான் உள்ள வந்தேன்..."

செல்வத்தின் குரல் தாழ்ந்தது.

"முதலாளி சீட்டுல உங்க மாப்பிள்ளைங்கண்ணா!"