மூன்று நிமிடத் தாமதம்

“ஞாயித்துக்கிழமை மேடையில கம்பி கிடையாது. முடிவு பண்ணிட்டேன்” என்றார் பாடகர் இடி, ஒத்திகை அறையில்.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த மச்சினன் கையிலிருந்த பன்னைக் கடிக்காமல் நிறுத்தினான். பகலில் பேக்கரி, சாயங்காலம் டிரம்ஸ் என்று இருப்பவன்.

“மாமா, இருபத்திரண்டு வருஷமா உங்க கூட கிட்டார் வாசிக்கறவர்!”

“அதனாலதான் இத்தனை நாள் பொறுத்தேன்.”

அவர்கள் குழு போட்டது ஒரே ஆல்பம். அதிலிருந்த ‘துரு’ என்ற பாட்டைச் சுற்றுவட்டார ரேடியோக்கள் தேயத் தேயப் போட்டன. முனகலாக ஆரம்பிக்கும். கிட்டார்கள் மேடேறும் லாரி மாதிரி உறுமும். பல்லவியில் இடி ஓர் அலறல் போடுவார். கூட்டம் வருவதே அதற்குத்தான். அப்புறம் கல்லூரி விழா, பைக் ஷோரூம் திறப்பு என்றே காலம் ஓடிவிட்டது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு விளையாட்டு அரங்கம், பத்தாயிரம் பேர்.

“ஒவ்வொரு கச்சேரியிலயும் ‘துரு’வுக்கு முன்னாடி மூணு நிமிஷம் கிட்டாரைத் திருகறான். கேட்டா, ‘கம்பி நிக்கவே மாட்டேங்குதுடா’ங்கறான். போன வாரம் ஒருத்தன், ‘நாங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வரவா’ன்னு கத்தினான். லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கு ஒரு கிட்டாரை ஒழுங்கா முறுக்கத் தெரியல!”

இடி எழுந்து வயிற்றைத் தூக்கிச் சரிசெய்துகொண்டார். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியாததால், பூட்ஸைக்கூட ஜிப் வைத்ததாக மாற்றி ஐந்து வருடமாகிறது.

“குரலைப் பாரு. அன்னைக்குப் பாடின அதே உச்சம். ஒரு நூல் இறங்கலை. நான் மட்டும் உழைக்கணும், அவன் திருகிட்டே இருக்கணுமா?”

மச்சினன் அவசரமாகப் பன்னைக் கடித்தான்.

நாலு மணிக்குப் புது கிட்டார்காரி வந்தாள். பல் டாக்டர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்த ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு வாசிக்கப் பழகியவள். திருகல் எதுவும் இல்லாமல் நேராக ‘துரு’வில் இறங்கினாள்.

இடி கண்ணை மூடிக்கொண்டு பல்லவிக்கு ஏறினார்.

பாதியில் கூவ மறந்த சேவல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தண்ணீர் குடித்தார். மறுபடி ஏறினார். மறுபடி சேவல்.

“டாக்டரம்மா, ஏன் இவ்வளவு ஏத்தி வாசிக்கறீங்க?”

“ஏத்தலையே சார். ஆல்பத்துல இருக்கற அதே சுருதிதான்.”

போனில் போட்டுக் காட்டினாள். இருபத்தாறு வயது இடி, அவள் வாசித்த அதே சுருதியில், அநாயாசமாக வானத்தைக் கிழித்துக்கொண்டு போனார்.

இடி மெல்லத் திரும்பினார். மச்சினன் டிரம்ஸ் குச்சியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“மச்சான்?”

“ஏழு வருஷமா மாமா... மொத மூணு பாட்டுல உங்க தொண்டை அன்னைக்கு எப்படி இருக்குன்னு பார்ப்பார். அதுக்குத் தகுந்த மாதிரி கிட்டார் சுருதியை இறக்குவார். பேஸ் கிட்டார்காரரும் பார்த்து இறக்கிக்குவார்.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லலை?”

“சொன்னா நீங்க பாடறதையே விட்டுடுவீங்களாம். ‘எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போறான், அவன் பாடணும்’னார்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“அக்காவுக்குக்கூடத் தெரியும் மாமா.”

டாக்டரம்மா சத்தமில்லாமல் கிட்டாரை உறையில் போட்டாள்.

ஆறு மணிக்குக் கம்பி வந்தார்.

“யாருடா அது, படியில எதிர்ல போனது?”

“பல் டாக்டர்.”

“என்னவாம்?”

“எனக்கு வாய்தான் கோளாறுன்னுட்டாங்க.”

“அதுக்கு டாக்டர் எதுக்குடா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

ஞாயிற்றுக்கிழமை. அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்று பாட்டுகள் முடிந்தன. பத்தாயிரம் பேரும் “துரு! துரு!” என்று தரையை மிதித்தார்கள்.

கம்பி தலையைக் குனிந்து, மெல்லத் திருக ஆரம்பித்தார்.

“யோவ் கிட்டாரு...” என்று முன்வரிசையில் எவனோ குரலெடுப்பதற்குள், இடி மேடை நடுவில் தொப்பென்று முட்டி போட்டார்.

“ஒரு நிமிஷம்! பூட்ஸ் லேஸ் அவுந்துடுச்சு!” என்றார் மைக்கில்.

அரங்கமே சிரித்தது. “முதல்ல லேஸ் கட்டக் கத்துக்கிட்டு வாய்யா!” என்று ஒருவன் கத்தினான். இடி மூச்சு வாங்கியபடி, முகம் சிவக்க, மூன்று நிமிடம் குனிந்தே கிடந்தார். கிட்டாரை யாரும் கவனிக்கவில்லை.

திருகி முடித்த கம்பி, பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார்.

“பத்தாயிரம் பேர் பார்க்கறாங்கடா. எவ்வளவு நேரம்தான் லேஸ் கட்டுவே?”

“என்ன பண்றது, நிக்கவே மாட்டேங்குதுடா” என்றார் இடி, பூட்ஸின் ஜிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு.