இருநூறு மீட்டர்

மனைவி கோமளா வாங்கிக் கொடுத்த வாட்ச் அது. கை கழுவும்போதுகூடக் கழன்று தில்லைராஜனின் சட்டைப்பைக்குள் போய்விடும். இன்று கடலில் இறங்கும்போது மட்டும் ஏனோ வீம்பு. "கழட்டிக் குடுத்துட்டு வாங்க சார்" என்றார் அலைச்சறுக்குச் சொல்லித்தரும் சூசை. "இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் தம்பி" என்று சிரித்தார் தில்லைராஜன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சூசை பலகையைத் தள்ளிவிட, தில்லைராஜன் எழுவதும் விழுவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் ஆள் முழுக்க மூழ்கிவிடுவார். இடது கை மட்டும் கொடிக்கம்பம் போல வெளியே நிற்கும், வாட்ச் வெயிலில் மின்னும். "இருநூறு மீட்டர் தாங்கும்னீங்களே, இங்க இடுப்பளவுதான சார்! ரெண்டு கையும் ஊனி எந்திரிங்க!" என்று கத்தினார் சூசை. கரையில் கோமளாவுக்கு மானம் போயிற்று. "அந்த வாட்ச்ச விட்டுத் தொலைங்க!" என்று அவளும் கத்தினாள். ஆறாவது அலை அவரை நுரைக்குள் உருட்டியெடுத்தது. அப்போது கையைத் தூக்க மறந்துபோனார். ஏழாவதில் இரண்டு கையும் ஊன்றின, முதுகு நிமிர்ந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் கடல்மேல் நின்றபடி, "கோமூ, பாத்தியா!" என்று அலறிக்கொண்டே வந்தார். அவள் புடவை நனைய உள்ளே ஓடிக் குதித்தாள். அவர் இடது கையை உயரத் தூக்கி ஆட்டினார். மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது. சூசை வாயைத் திறப்பதற்குள் கோமளா உதட்டில் விரலை வைத்தாள். "தள்ளிவிடுங்க தம்பி, அடுத்த அலை வருது."